கிணற்று மோட்டருக்கு வேகமாற்றி இணைத்தல்: கமக்காரர் அறிந்திருக்க வேண்டிய பாதுகாப்பு முறைகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் தோட்டச் செய்கை முழுவதும் கிணற்று நீரையே நம்பியுள்ளது. முற்காலத்தில் துலா மிதித்துப் பட்டையால் நீர் இறைத்தனர். 1950 ஆம், 1960 ஆம் ஆண்டுகளை அண்டிய காலத்தில் மண்ணெண்ணெய் இயந்திரங்கள் தோட்டங்களிற் பரவின. பின்னர் மின்சாரம் கிடைத்த இடங்களில் மின்மோட்டர் பூட்டிய நீர்ப்பம்பிகள் அவற்றின் இடத்தைப் பெற்றன. துலாவின் வேகம் மனிதனின் வலுவிற்கு அடங்கியது. கிணறு ஊறுவதற்கும் அவகாசம் கிடைத்தது. மோட்டரோ ஆளியைப் போட்ட கணத்திலிருந்து நிறுத்தும்வரை ஒரே வேகத்தில் இறைத்துக்கொண்டிருக்கும். கிணறு ஊறும் வேகத்தை அது அறியாது.

குடாநாட்டின் சுண்ணாம்புக்கற் படைகளில் நன்னீரானது அடியிலுள்ள உவர்நீரின்மேல் வில்லைபோல மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 அடி உயர்ந்து நிற்குமிடத்து, கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது நிலநீரியலார் கண்ட விதி. ஆதலின் கிணற்று நீர்மட்டத்தைச் சிறிதளவு மிகையாகத் தாழ்த்தினாலும் அடியிலுள்ள உவர்நீர் பன்மடங்கு மேலெழ முற்படும். மெல்ல இறைத்து, ஊற விட்டு, மீண்டும் மெல்ல இறைப்பதே கிணற்றைக் காக்கும் வழியாகும்.

இக்காரணத்தாலும் மின்கட்டணம் குறையும் என்பதாலும் கமக்காரர் பலர் மோட்டரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவியை நாடுகின்றனர். கடைகளில் ‘வி.எஃப்.டி.’ என்றும் ‘இன்வேட்டர்’ என்றும் விற்கப்படும் இக்கருவி இப்பிரசுரத்தில் வேகமாற்றி எனப்படும். இது பயனுள்ள கருவி. ஆயினும் சாதாரண ஆளியைப் பூட்டுவதுபோல இதனைப் பூட்டலாகாது. ஈரநிலத்தில், வெறுங்காலுடன் மனிதர் நடமாடும் கிணற்றடியில், இவ்விணைப்பில் நேரும் பிழை உயிரைக் குடிக்கக்கூடியது. இணைக்கும் வேலையைத் தகுதி பெற்ற மின்னியலாளரே செய்தல் வேண்டும். எனினும் வேலை சரியாக நடந்துள்ளதா என்று பார்த்தறியவும், நாளாந்தம் ஆபத்தின்றிக் கையாளவும் வேண்டிய அறிவு கமக்காரருக்கும் அவர் வீட்டாருக்கும் இன்றியமையாதது.

வேகமாற்றி வேலைசெய்யும் விதம்

இலங்கையில் வழங்கப்படும் ஆடலோட்ட மின்சாரம் செக்கனுக்கு 50 தடவை அலைவது. அதாவது அதன் மீடிறன் 50 ஹேர்ட்ஸ் ஆகும். தூண்டல் மோட்டரின் வேகம் இம்மீடிறனைப் பொறுத்தது. இரு முனைவுள்ள மோட்டர் 50 ஹேர்ட்ஸில் நிமிடத்துக்கு 3000 சுற்றுக்குச் சற்றுக் குறைவாகவும், நான்கு முனைவுள்ளது 1500 சுற்றுக்குச் சற்றுக் குறைவாகவும் சுழலும். மீடிறனை மாற்றினால் வேகம் மாறும். வேகமாற்றி செய்வது இதுவே.

கருவியின் உள்ளே மூன்று பகுதிகள் உள. முதற்பகுதி வந்த ஆடலோட்டத்தை நேரோட்டமாக மாற்றுகின்றது. இரண்டாம் பகுதியிலுள்ள கொள்ளளவிகள் அதனைத் தேக்கி வைக்கின்றன. மூன்றாம் பகுதி அந்நேரோட்டத்தை மிக விரைவாக வெட்டி வெட்டி, வேண்டிய மீடிறனுள்ள மூவவத்தை மின்னாக மோட்டருக்கு அனுப்புகின்றது. ஆபத்தின் பெரும்பகுதி இரண்டாம் பகுதியிலே தங்கியுள்ளது. 230 வோற்று ஓரவத்தை மின்னூட்டில் இக்கொள்ளளவிகள் ஏறத்தாழ 325 வோற்று நேரோட்டத்தையும், 400 வோற்று மூவவத்தையில் ஏறத்தாழ 565 வோற்றையும் தாங்கி நிற்கும். பிரதான ஆளியை அணைத்த பின்னரும் இம்மின்னேற்றம் பல நிமிடம் உள்ளே நிற்கும். கருவியின் முகப்பு விளக்கு அணைந்துவிட்டது என்பது உள்ளே மின் இல்லை என்பதற்குச் சான்றாகாது.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

முதலாவதாக, மோட்டரின் வகையைக் காண்க. தோட்டங்களிலுள்ள சிறிய பம்பிகள் பல, கொள்ளளவி பூட்டிய ஓரவத்தை மோட்டர்களாகும். சாதாரண வேகமாற்றி இவற்றுக்குப் பொருந்தாது. இணைத்தால் கொள்ளளவியோ கருவியோ பழுதுறும். வேகமாற்றி வேண்டுமாயின் மூவவத்தை மோட்டர் வேண்டும். வீட்டுக்கு ஓரவத்தை மின்னே வருகின்றதெனினும், ஓரவத்தை மின்னைப் பெற்று மூவவத்தை மின்னை வெளிவிடும் வேகமாற்றிகள் உள.

இரண்டாவதாக, மோட்டரின் பெயர்த்தகட்டைப் படித்துக் குறித்துக்கொள்க. எடுத்துக்காட்டாக ஒரு தகட்டில் 2.2 கிலோவாற்று, அதாவது 3 பரிவலு, 230/400 வோற்று, 50 ஹேர்ட்ஸ், நிமிடத்துக்கு 2880 சுற்று என்றும், அவ்விரு வோற்றளவுக்கும் உரிய அம்பியர் அளவுகளும் பொறிக்கப்பட்டிருக்கும். பரிவலுவை மட்டும் பார்த்து வேகமாற்றியைத் தெரிவுசெய்தலாகாது. கருவி இடைவிடாது தரக்கூடிய அம்பியர் அளவு மோட்டரின் அம்பியர் அளவுக்குக் குறையாதிருத்தல் வேண்டும்.

மூன்றாவதாக, ஓரவத்தை மின்னிலிருந்து வேகமாற்றி இழுக்கும் மின்னோட்டம் மோட்டருக்குச் செல்லும் மின்னோட்டத்தினும் மிகக் கூடுதலானது. மேற்சொன்ன 3 பரிவலு மோட்டர் 230 வோற்றில் 8 அல்லது 9 அம்பியர் பெறுமாயினும், அதற்குரிய வேகமாற்றியின் உட்செல்லும் மின்னோட்டம் 20 அம்பியரையும் கடக்கலாம். வீட்டிலிருந்து கிணறுவரை பழைய மெல்லிய வடம் கிடக்குமாயின் அது சூடேறும், வோற்றளவும் வீழும். வடத்தின் பருமனும் துண்டிப்பியின் அளவும் கருவியோடு வரும் கைந்நூலில் உள்ளவாறே அமைதல் வேண்டும்.

கருவியை அமைக்கும் இடம்

வேகமாற்றியைக் கிணற்றுத் தட்டிலோ பம்பிக் குழியிலோ பூட்டலாகாது. நீர் தெறிக்காததும் நேர்வெயில் படாததும் காற்றோட்டமுள்ளதுமான கொட்டிலின் சுவரில், தரையிலிருந்து நெஞ்சளவு உயரத்தில், நிமிர்ந்த நிலையிற் பூட்டுக. வெப்பம் மேலெழுந்து வெளியேறுதற்கு மேலும் கீழும் கைந்நூல் கூறும் இடைவெளி விடுதல் வேண்டும். பெரும்பாலான கருவிகள் 40 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் முழு வலுவையும் தரமாட்டா. தகரக் கூரையின் கீழ், காற்றுப் புகாத சிறு பெட்டியினுள் அடைத்தால் பங்குனி, சித்திரை வெயிலில் அவ்வளவு வெப்பம் எளிதில் உண்டாகும்.

கொட்டில் திறந்ததாயின், தூசும் நீரும் புகாத ஐ.பி. 54 அல்லது அதற்கு மேற்பட்ட காப்புடைய உறையுள்ள கருவியைத் தெரிவுசெய்க. வடம் புகும் துளைகளை உரிய இறுக்கிகளால் அடைத்தல் வேண்டும். திறந்துகிடக்கும் துளைவழியே எறும்பும் பல்லியும் உட்புகுந்து முனைகளுக்கிடையிற் சிக்கிக் குறுஞ்சுற்றை உண்டாக்குதல் கூடும்.

கருவிக்கு அருகே, கண்ணுக்குத் தெரியும் இடத்தில், பூட்டுப் போடக்கூடிய பிரதான ஆளி ஒன்று இருத்தல் அவசியம். கருவியின் முகப்பிலுள்ள நிறுத்தும் பொத்தான் மோட்டரின் சுழற்சியை நிறுத்துவதேயன்றி மின்னைத் துண்டிப்பதன்று.

இணைப்பு முனைகள்

மின்னூட்டு வடம் புகும் முனைகளில் ‘எல் 1, எல் 2, எல் 3’ என்றோ ‘ஆர், எஸ், ரி’ என்றோ குறித்திருக்கும். மோட்டருக்குச் செல்லும் முனைகளில் ‘யூ, வீ, டபிள்யூ’ என்று குறித்திருக்கும். மின்னூட்டை மோட்டர் முனைகளில் மாற்றிக் கொடுத்தால் கருவி அக்கணமே அழியும். வெடித்துச் சிதறவும் கூடும். கம்பியின் நிறத்தை மட்டும் நம்புதலும் தகாது. பழைய வடங்களில் சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகியன மூவவத்தைகளைக் குறிக்கும். புதிய வடங்களில் கபிலம், கறுப்பு, சாம்பல் ஆகியன அவற்றைக் குறிக்கும். பழைய முறையிற் கறுப்பு நடுநிலைக் கம்பி. புதிய முறையில் அதே கறுப்பு உயிர்க்கம்பி. புதிய முறையில் நீலம் நடுநிலைக் கம்பி; பழைய முறையில் அது உயிர்க்கம்பி. இரு வகை வடங்களும் கலந்து கிடக்கும் தோட்டங்களில் ஒவ்வொரு கம்பியையும் சோதித்து அடையாளமிட்ட பின்னரே இணைத்தல் வேண்டும்.

மோட்டரின் இணைப்புப் பெட்டியில் ஆறு முனைகள் இரு வரிசையாக இருக்கும். ஒரு வரிசையின் மூன்று முனைகளையும் ஒன்றாகப் பிணைத்தல் ‘ஸ்டார்’ இணைப்பு. ஒவ்வொரு மேல்முனையையும் அதன் நேர்கீழுள்ள முனையோடு பிணைத்தல் ‘டெல்ரா’ இணைப்பு. தகட்டில் 230/400 வோற்று என்றிருக்கும் மோட்டரை, ஓரவத்தை மின்னில் இயங்கி 230 வோற்று மூவவத்தையை வெளிவிடும் கருவியோடு டெல்ராவாகவும், 400 வோற்றுக் கருவியோடு ஸ்டாராகவும் இணைத்தல் வேண்டும். முன்னையதை ஸ்டாராக இணைத்தால் மோட்டர் வலுவிழந்து திணறிச் சூடேறும். பின்னையதை டெல்ராவாக இணைத்தால் சுருள்கள் எரியும். மோட்டரின் ஸ்டார் நடுப்புள்ளியை நடுநிலைக் கம்பியோடு இணைத்தல் ஒருபோதும் ஆகாது.

வேகமாற்றிக்கும் மோட்டருக்கும் இடையே கொள்ளளவியோ, ஓடும்போது போட்டு அணைக்கும் ஆளியோ இருத்தலாகாது. பழைய தொடக்கியொன்று அவ்விடத்தில் இருந்தால் அதனைக் கழற்றிவிடுக.

இவ்விடையிலான வடம் இயன்றவரை குறுகியதாகவும், உலோகக் கவசமுடையதாகவும் இருத்தல் நன்று. கவசத்தை இரு முனையிலும் புவித்தொடுப்போடு இணைத்தல் வேண்டும். வேகமாற்றி மின்னை வெட்டி அனுப்புவதால், நீண்ட வடத்தின் மோட்டர் முனையில் வோற்றளவு உள்ளிருக்கும் நேரோட்ட வோற்றளவின் இருமடங்குவரை கணநேரம் உயரலாம். 400 வோற்று அமைப்பில் இது 1000 வோற்றைத் தாண்டும். பழைய மோட்டர்களின் சுருட் காப்பு இதனைத் தாங்காது. வடத்தின் நீளம் கைந்நூல் கூறும் எல்லையைக் கடக்குமாயின் இதற்கென உள்ள வடிகட்டியை இடையிற் பூட்டுதல் வேண்டும். நீர்மட்டக் கருவிகளின் மெல்லிய கம்பிகளை மோட்டர் வடத்தோடு ஒரே குழாயிற் செலுத்தலாகாது.

புவித்தொடுப்பு: உயிர்காக்கும் கம்பி

‘ஏர்த்து’ எனப் பொதுமக்கள் வழங்கும் புவித்தொடுப்பே இவ்விணைப்பின் உயிர்நாடி. மோட்டரின் உடலிலிருந்து வரும் பச்சை மஞ்சட் கம்பி கருவியின் புவித்தொடுப்பு முனைக்கும், அங்கிருந்து நிலையத்தின் புவித்தொடுப்புக்கும் இடையறாது செல்லுதல் வேண்டும். நடுநிலைக் கம்பி இதற்கு ஈடாகாது. கிணற்றில் இறங்கும் குழாய்கள் இக்காலத்தில் பெரும்பாலும் பிளாத்திக்கானவை. ஆதலின் குழாயில் ஒரு கம்பியைச் சுற்றிவிடுதல் புவித்தொடுப்பு ஆகாது. சுண்ணாம்புக்கற் தரையில் கோல் ஆழமாக இறங்காதவிடத்து அதன் தடை மிகுதியாயிருக்கும். கோல் நட்டதோடு நிறுத்தாது, கோடைகாலத்தில் நிலம் காய்ந்திருக்கும்போது மின்னியலாளர் தடையை அளந்து பார்த்தல் வேண்டும்.

வேகமாற்றி இயல்பாகவே சிறிதளவு மின்னைப் புவித்தொடுப்புக் கம்பிவழியே கசியவிடுகின்றது. இஃது பழுதன்று; கருவியின் அமைப்பினால் உண்டாவது. இதனால் இரு விளைவுகள் உள.

ஒன்று, புவித்தொடுப்புக் கம்பி அறுந்திருக்குமாயின் அக்கசிவு மோட்டரின் உடலிலும் கருவியின் உறையிலும் ஏறி நிற்கும். ஈரக்கையால் அதனைத் தொடுபவரின் உடலே நிலத்துக்கு வழியாகும். ஆதலின் கசிவு 3.5 மில்லி அம்பியரை மிஞ்சும் கருவிகளுக்கு, 10 சதுர மில்லிமீற்றருக்குக் குறையாத செப்புக் கம்பியாலோ, இரண்டாவது காப்புக் கம்பியொன்றாலோ நிலையான புவித்தொடுப்பு அமைக்கும்படி சர்வதேச நியமங்கள் கூறுகின்றன. செருகியும் கழற்றியும் பயன்படுத்தும் சாதாரண மூன்று முனைச் செருகியால் இத்தகைய கருவிகளை இணைத்தல் தகாது.

மற்றொன்று, ‘ட்றிப் சுவிச்’ எனப்படும் கசிவோட்டத் துண்டிப்பி காரணமின்றி விழுவதுபோலத் தோன்றும். இந்நிலையிற் சிலர் துண்டிப்பியை விலக்கிக் கம்பியை நேரே இணைத்துவிடுகின்றனர். சிலர் புவித்தொடுப்புக் கம்பியைக் கழற்றிவிடுகின்றனர். கழற்றியதும் துண்டிப்பி விழாது. பம்பியும் தடையின்றி ஓடும். வேலை செம்மையாயிற்று என்று வீட்டார் எண்ணுவர். உண்மையில் அந்த நாளிலிருந்து அக்கிணற்றடி கொலைக்களமாகும். மோட்டரின் காப்பு என்றோ ஒரு நாள் பழுதுறும்போது, அதனை முதலில் அறிவது துண்டிப்பியன்று. குளிக்க வந்த பிள்ளையோ, நீர் பாய்ச்ச வந்த பெண்ணோ ஆவர்.

இதற்குரிய சரியான வழி துண்டிப்பியின் வகையை மாற்றுவதாகும். வீடுகளிற் பெரும்பாலும் உள்ள ‘ஏ.சி.’ வகைத் துண்டிப்பி ஆடலோட்டக் கசிவை மட்டுமே உணரும். மூவவத்தை மின்னூட்டில் இயங்கும் வேகமாற்றியில் பழுது உண்டாகும்போது சீரான நேரோட்டமும் கசியக்கூடும். அந்நேரோட்டம் சாதாரணத் துண்டிப்பியைச் செயலற்றதாக்கி விடும். இவற்றுக்கு ‘பி’ எனும் ஆங்கில எழுத்தாற் குறிக்கப்படும் வகை வேண்டும். ஓரவத்தைக் கருவிகளுக்குக் கைந்நூல் கூறும் வகையைப் பூட்டுக. வேகமாற்றியின் மின்னூட்டை வீட்டுத் துண்டிப்பியின் பின்னிருந்து எடுக்காது, பிரதான பலகையிலிருந்து தனிச்சுற்றாக எடுத்தல் வேண்டும்; இல்லையேல் வீட்டாரைக் காக்கும் துண்டிப்பியும் இதனால் மழுங்கிப் போகலாம்.

திறக்குமுன் செய்ய வேண்டியவை

எக்காரணத்துக்காயினும் கருவியின் மூடியையோ மோட்டரின் இணைப்புப் பெட்டியையோ திறக்க வேண்டுமாயின், பின்வரும் ஒழுங்கைத் தவறாது கைக்கொள்க.

1. முகப்புப் பொத்தானால் மோட்டரை நிறுத்துக.

2. பிரதான ஆளியை அணைத்துப் பூட்டிட்டுத் திறப்பை வேலை செய்பவர் தம் மடியிலேயே வைத்துக்கொள்க. ‘வேலை நடைபெறுகின்றது’ என்னும் அறிவித்தலையும் தொங்கவிடுக.

3. கருவியின் உறையில் எழுதப்பட்டுள்ள நேரம்வரை காத்திருக்க. பல கருவிகளுக்கு இது 5 முதல் 15 நிமிடம்வரை ஆகும். இந்நேரத்தைக் கைக்கடிகாரத்தைப் பார்த்தே கணித்தல் வேண்டும், ஊகித்தல் கூடாது.

4. மின்னுள்ளதென அறிந்த இடமொன்றில் அளவுமானியைச் சோதித்து, பின் கருவியின் நேரோட்ட முனைகளிலும் மின்னூட்டு முனைகளிலும் அளந்து, மீண்டும் அறிந்த இடத்தில் மானியைச் சோதிக்க. மானி பழுதுற்றிருப்பின் அது காட்டும் பூச்சியம் மனிதனை ஏமாற்றும்.

5. மின் இல்லையென உறுதியான பின்னரே கைவைக்க.

மோட்டரின் சுருட் காப்பை ‘மெகர்’ கருவியாற் சோதிக்குமுன் வேகமாற்றியிலிருந்து மோட்டர் வடத்தை முற்றாகக் கழற்றிவிடுதல் வேண்டும். சோதனைக் கருவியின் 500 வோற்று வேகமாற்றியின் நுண்ணிய உறுப்புக்களை அழித்துவிடும்.

முதன்முறை ஓட்டுதல்

தகட்டிலுள்ள வோற்றளவு, அம்பியர், மீடிறன், சுற்று ஆகியவற்றைக் கருவியிற் பதிந்த பின்னரே ஓட்டுதல் வேண்டும். அம்பியர் அளவைச் சரியாகப் பதியாவிடின் மிகைச்சுமைக் காப்பு வேலை செய்யாது. குறைந்த மீடிறனில் சில கணம் ஓட்டிச் சுழலும் திசையைக் காண்க. திசை பிழையாயின், மேற்கூறிய ஐந்து படிகளையும் கைக்கொண்டு மோட்டர் முனைகளுள் இரண்டை மாற்றுக.

மையநீக்கப் பம்பியின் வேகத்தை 50 ஹேர்ட்ஸிலிருந்து 40 ஹேர்ட்ஸுக்குக் குறைத்தால், வேகம் நூற்றுக்கு 80 ஆகும். அப்பொழுது நீரின் அளவு ஏறத்தாழ 80 ஆகவும், நீரை உயர்த்தும் ஆற்றல் 64 ஆகவும், வேண்டிய வலு 51 ஆகவும் குறையும். கிணற்றின் ஆழம் நிலையானதாதலின் நடைமுறையில் நீரின் அளவு இதனினும் கூடுதலாகக் குறையும். ஓர் எல்லைக்குக் கீழே நீர் வெளிவராது. பம்பிக்குள்ளிருக்கும் நீர் சூடேறும். அவ்வெல்லையை ஓட்டிப் பார்த்துக் கண்டு, அதற்குச் சற்று மேலாகக் குறைந்த மீடிறனைப் பதிந்துவிடுக. நீரினுள் அமிழ்ந்த மோட்டர்களைப் பொதுவாக 30 ஹேர்ட்ஸுக்குக் கீழ் ஓட்டலாகாது.

மறுபக்கத்தில், வேகத்தை 60 ஹேர்ட்ஸுக்கு உயர்த்தினால் வேண்டிய வலு ஏறத்தாழ 1.7 மடங்காகும். மோட்டர் எரிவதோடு கிணறும் உவராகும். மேலெல்லையை 50 ஹேர்ட்ஸில் நிறுத்துக. மின் தடைப்பட்டு மீளும்போது தானாகத் தொடங்கும் ஒழுங்கையும் முடக்கி வைக்க. பம்பியருகே ஒருவர் நிற்கையில் அது திடீரெனச் சுழலத் தொடங்குதல் பேராபத்து.

நாளாந்தக் கவனம்

ஒவ்வொரு போகத் தொடக்கத்திலும் முனைகளின் இறுக்கத்தையும் புவித்தொடுப்புக் கம்பியின் தொடர்பையும் மின்னியலாளரைக் கொண்டு பார்ப்பிக்க. மாதம் ஒருமுறை துண்டிப்பியின் சோதனைப் பொத்தானை அழுத்துக. விழாவிடின் பம்பியை ஓட்டற்க. காற்றோட்டத் துளைகளிற் படிந்த தூசை, மின்னைத் துண்டித்த பின் உலர்ந்த தூரிகையால் நீக்குக. இடிமின்னல் காலத்தில் கொட்டிலுக்குள் நிற்றலாகாது.

ஒருவர் மின்தாக்குண்டு பிடிபட்டிருப்பின் அவரைத் தொடாது, முதலிற் பிரதான ஆளியை அணைக்க. ஆளி எட்டாவிடின் உலர்ந்த மரத்தடியால் அவரை விலக்குக. மூச்சில்லையெனின் உடனே நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்துகொண்டு, 1990 என்னும் எண்ணுக்கு அழைத்து நோயாளர் வண்டியை வரவழைக்க. எழுந்து நடந்தாலும் அவரை மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

பம்பியின் தெரிவு, இறைக்கும் நேரம், பயிருக்கு வேண்டிய நீரளவு ஆகியவை பற்றிய விளக்கங்களைப் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் பெற்றுக்கொள்ளலாம். மின்னிணைப்பு வேலையைத் தகுதி பெற்ற மின்னியலாளரிடமே ஒப்படைக்க. புவித்தொடுப்புக் கம்பியைக் கழற்றினால் எல்லாம் சரியாகும் என்று கூறுபவர் எவராயினும், அவரைக் கிணற்றடியில் வேலை செய்ய விடற்க.